ரேஞ்ச் பார்க்கப் போனால் குப்பைத் தொட்டியைப் பாருங்கள்

ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல் சுடப் பழகும் ஒரு 10 மீட்டர் ரேஞ்சுக்குள் நுழைந்ததும் கண் தானாகப் போவது சுவரில் தொங்கும் மெடல்களுக்கும், கண்ணாடி அலமாரியில் இருக்கும் ஜெர்மன் ரைஃபிளுக்கும், லேனுக்கு லேன் (ஒருவர் நின்று சுடும் தடம்) மினுக்கும் மானிட்டருக்கும்தான். அதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் மூலையில் இருக்கும் குப்பைத் தொட்டியைப் பாருங்கள். சுட்டு முடித்த டார்கெட் அட்டைகள் அதில்தான் கிடக்கும். பத்து அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், உரிமையாளர் அரை மணி நேரம் பேசித் தெரியாதது தெரிந்துவிடும். கேட்டுவிட்டு எடுங்கள். தரத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

அட்டையில் முதல் வேலை, ஸ்கேலை வைத்துக் கறுப்பு வட்டத்தை அளப்பது. ஏர் ரைஃபிள் அட்டையில் கறுப்பு 30.5 மில்லிமீட்டர் குறுக்களவு. ஏர் பிஸ்டலில் 59.5. ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்குப் பொருத்தி அச்சடித்த தாள் என்றால் 29 என்றோ 57 என்றோ காட்டும். காசு மிச்சம் பிடிக்கிறார்கள் என்று விட்டுவிட முடியாது. ரைஃபிள் அட்டையில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இருப்பதே இரண்டரை மில்லிமீட்டர்தான். பத்து என்பது வெறும் 0.5 மில்லிமீட்டர் புள்ளி. வளையம் சுருங்கிய தாளில் போடும் கணக்கு எல்லாமே பொய்க்கணக்கு.

அடுத்து ஓட்டையின் விளிம்பு. போட்டிப் பெல்லட்டின் (ஏர்கன்னில் போடும் சின்ன ஈயக் குண்டு) மூக்கு தட்டையாக இருக்கும். சரியான அட்டையில் அது பஞ்சிங் மெஷின் குத்தியதுபோல வட்டமாக வெட்டிக்கொண்டு போகும். மெல்லிய ஏ4 தாளில் நட்சத்திரம் மாதிரிக் கிழியும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நல்ல அட்டையும் ஊறிப்போய்ப் பிசிறடிக்கும். அட்டைக்கட்டை மூடிய டப்பாவில் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கடைசியாக, ஓர் அட்டையில் எத்தனை ஓட்டை? ஐந்தோ பத்தோ இருந்தால் யாரோ ஒவ்வொரு சுட்டையும் (ஷாட்) பார்த்துப் பேசுகிறார்கள் என்று பொருள். நடுவில் சல்லடையாகி முப்பது நாற்பது ஓட்டை என்றால், அங்கே நேரம் கழிகிறது, பயிற்சி நடக்கவில்லை.

தராசு சரியில்லாத கடையில் சரக்கு எவ்வளவு உயர்ந்ததாக இருந்து என்ன பிரயோஜனம்? ரேஞ்சும் தராசு மாதிரிதான். தூரம், உயரம், வெளிச்சம், தரை, காற்றழுத்தம் இவை நேற்று இருந்தபடியே இன்றும் இருந்தால்தான், அட்டையில் விழும் தப்பு சுடுகிறவருடைய தப்பு என்று சொல்ல முடியும். இல்லாவிட்டால் பிள்ளை ரேஞ்சின் கோளாறுக்குத் தன் கையைத் திருத்திக்கொண்டிருக்கும். காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டை வட்டாரத்தில் ரேஞ்ச் தேடுகிறவர்கள் துப்பாக்கியின் விலையை ஒப்பிடுவதை விட்டுவிட்டு இந்த ஐந்தையும் ஒப்பிட்டால் போதும்.

கட்டடம்

10 மீட்டர் ரேஞ்சுக்கு 10 மீட்டர் ஹால் போதாது. குறிப் பலகைக்குப் பின்னால் பெல்லட் பெட்டியும் தடுப்பும் சேர்ந்து அரை மீட்டராவது பிடிக்கும். சுடுகோட்டுக்குப் பின்னால் சுடுகிறவர், மேசை, கோச் நிற்க இரண்டு மீட்டர் வேண்டும். அதற்கும் பின்னால் ஆள் நடக்க வழி. ஆக 14 மீட்டர் நீளம் இருந்தால்தான் நெரிசல் இல்லாமல் நடத்தலாம். ஹால் நீளம் குறையும் இடத்தில் முதலில் குறைவது எது தெரியுமா? சுடும் தூரம். 9.50 மீட்டரில் நின்றால், 30.5 மில்லிமீட்டர் கறுப்பு 32 மில்லிமீட்டர் வட்டம்போலத் தெரியும். ரைஃபிளின் முன்குறி வளையத்தை அதற்கு ஏற்றபடி பழகிக்கொண்ட பிள்ளை, மாநிலப் போட்டியில் முழு 10 மீட்டரில் நிற்கும்போது "ரிங்குக்குள்ள கறுப்பு சின்னதாத் தெரியுது சார்" என்று சொல்லும். அது பயம் என்று கோச் நினைத்துக்கொள்வார்.

சர்வதேச விதி 10 மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர்தான் கூடக் குறைய அனுமதிக்கிறது. அளப்பது சுடுகோட்டிலிருந்து அட்டையின் முகப்பு வரை. சுவர் வரை அல்ல. அட்டையின் மையம் நிற்கும் தரையிலிருந்து 140 சென்டிமீட்டர் உயரம், அதிலும் ஐந்து சென்டிமீட்டர் சலுகை. டேப்பைத் தரையில் வைத்து அளந்தால் மட்டும் போதாது. அட்டை இருக்கும் பக்கத் தரை தாழ்ந்திருக்கலாம். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். தண்ணீர் நிரப்பிய குழாயின் ஒரு முனையைச் சுடுகோட்டில் 140-க்கு நேராகவும், மறு முனையைக் குறிப் பலகையிலும் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு லேனை மட்டும் பார்க்காதீர்கள். முதல் லேன், நடு லேன், கடைசி லேன் மூன்றையும் பாருங்கள். சுவர் கோணலாக இருந்து, பலகையைச் சுவரை ஒட்டி அடித்திருந்தால் முதல் லேனுக்கும் கடைசி லேனுக்கும் பத்து சென்டிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும்.

இந்தப் பக்கம் ரேஞ்ச் ஆக மாறக்கூடிய கட்டடங்கள் நாலு வகை. கடைகளுக்கு மேலே இருக்கும் மாடி ஹால், தகரக் கூரை போட்ட பழைய குடோன் அல்லது ரைஸ் மில், பள்ளிக்கூடத்தின் உள்விளையாட்டு அரங்கு, அப்புறம் நம்முடைய பழைய வீடுகள்.

பழைய செட்டிநாட்டு வீடு ரேஞ்சுக்கு ஏற்ற இடம் என்று சொன்னால் சிரிப்பார்கள். உண்மையில் பந்தி போடும் நீளக் கூடம் இருக்கும் வீடு என்றால், இந்த வெயிலில் அதைவிடக் குளிர்ச்சியான ஹால் கிடைக்காது. தெருவுக்குத் தெரு நீளும் வீட்டில் 14 மீட்டருக்கும் பஞ்சமில்லை. ஆனால் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். வளவிலிருந்து வரும் வெயில் வெளிச்சம் காலையில் ஒரு பக்கம், மாலையில் மறுபக்கம் அட்டையில் விழும். ஆத்தங்குடிக் கல் எண்ணெய் போட்டுத் துடைத்து வழுவழுவென்றிருக்கும். தட்டையான அடி கொண்ட ஷூட்டிங் ஷூ அதில் கண்ணுக்குத் தெரியாமல் வழுக்கும். ரப்பர் மேட் போடாமல் நிற்கக் கூடாது. மூன்றாவது, தேக்குத் தூணும் சுண்ணாம்புச் சுவரும். தப்பிப் போகும் பெல்லட் தூணில் பட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது, சுவரில் பட்டால் ஒரு தலைமுறை பார்த்துப் பார்த்துப் பூசிய பூச்சு பெயரும். குறிப் பலகையைச் சுற்றிப் பிளைவுட்டும் அதன் முன்னால் கனத்த கித்தான் திரையும் கட்டாயம்.

மாடி ஹாலில் வேறு சிக்கல். தளம் மெல்லியதாக இருந்தாலோ, சுடுகோட்டை மரப் பலகை மேடையாக உயர்த்தியிருந்தாலோ, பக்கத்து லேன்காரர் காலை மாற்றி வைத்தால் இங்கே ரைஃபிள் ஆடும். சோதிக்க ஓர் எவர்சில்வர் டம்ளர் போதும். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, நிற்கும் இடத்தில் வைத்துவிட்டு, ஒருவரைப் பின்னால் நடக்கச் சொல்லுங்கள். தண்ணீரில் அலை எழுந்தால் அந்த மேடையில் 10.5 (ஒரு சுட்டுக்குத் தசமத்தில் உச்சம் 10.9) எதிர்பார்க்க வேண்டாம். கீழ்க்கடையில் மாவு மெஷின் ஓடினால் டம்ளரே தேவையில்லை, காலில் தெரியும்.

தகரக் குடோனைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. நீளம், உயரம், வாடகை எல்லாம் வசதிதான். ஆனால் சித்திரை, வைகாசியில் கான்வாஸும் தோலும் சேர்ந்த ஷூட்டிங் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அந்தக் கூரைக்கு அடியில் 60 சுட்டு நிற்க முடியாது. வியர்வையில் ஊறிய ஜாக்கெட் தொளதொளத்து, தாங்கிப்பிடிக்கும் விறைப்பை இழக்கும். அதற்காகப் பெடஸ்டல் ஃபேன் வைப்பார்கள், அது பெல்லட்டையும் தள்ளும். அரை கிராம்தானே அதன் எடை. லேன் நெடுக நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் குறுக்கே காற்று வீசினாலே, கணக்குப்படி இரண்டு மூன்று மில்லிமீட்டர் நகரும். ரைஃபிளில் அது ஒரு வளையம். பிஸ்டலில் வளையத்துக்கு வளையம் எட்டு மில்லிமீட்டர் என்பதால் அவ்வளவு தெரியாது. ஃபேன் சுடுகிறவரின் முதுகுப் பக்கம் இருக்கலாம், லேனுக்குக் குறுக்கே இருக்கவே கூடாது.

பள்ளி அரங்கில் பெரும்பாலும் பாட்மின்டன் கோர்ட் நீளத்துக்கே ரேஞ்ச் போடுவார்கள். கோர்ட்டின் நீளம் 13.40 மீட்டர், அளவு கிட்டத்தட்டச் சரிதான். ஆனால் ஸ்டாண்டுகளைக் காலையில் எடுத்து வைத்து, மாலையில் ஓரம் கட்டுவார்கள். தரையில் ஆணியோ பெயின்ட் குறியோ இல்லாமல் "சுமாரா இங்கேதான்" என்று வைத்தால் தூரம் தினம் ஒரு மாதிரி இருக்கும்.

வெளிச்சம்

அட்டையின் மேல் விழும் வெளிச்சம் குறைந்தது 1500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். போனில் லக்ஸ் அளக்கும் செயலி துல்லியமாக இருக்காது. ஆனாலும் ஒரே போனில் இரண்டு ரேஞ்சையும் அளந்தால் எது இருட்டு என்று தெரிந்துவிடும். அளக்கும்போது போனை அட்டை இருக்கும் இடத்தில், சுடுகிறவரைப் பார்த்தபடி பிடிக்க வேண்டும். எல்லா லேனிலும் ஒன்றுபோல வருகிறதா என்பதுதான் மொத்த எண்ணைவிட முக்கியம். 3 ஆம் லேனில் பழகியவர் 7 ஆம் லேனுக்குப் போனால் குறி மாறுகிறது என்றால், கைக்கு முன்னால் பல்பைச் சந்தேகப்படுங்கள்.

மலிவான எல்இடி பல்புகள் நொடிக்கு 100 முறை அணைந்து எரியும், கண்ணுக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் அந்த அட்டையை உற்றுப்பார்த்தால் கண் வலிக்கும், தலை கனக்கும். போன் கேமராவை ஸ்லோமோஷனில் வைத்து அட்டையைப் படம் எடுங்கள். பட்டை பட்டையாக ஓடினால் பல்பு மோசம். பல்பு சுடுகிறவரின் கண்ணில் நேராகப் படக் கூடாது. முன்னால் ஒரு மறைப்புப் பட்டை இருக்க வேண்டும். அட்டைக்குப் பின்னால் இருக்கும் சுவர் பளபளக்காத வெளிர் நிறத்தில் இருந்தால் நல்லது. சில இடங்களில் அழகுக்காகக் கறுப்புத் துணி தொங்கவிடுகிறார்கள். ரைஃபிள்காரருக்குக் கறுப்பு வட்டத்தின் விளிம்பு அதில் கரைந்துபோகும்.

குறிப் பக்கத்தில் ஜன்னல் இருந்தால் அடைத்திருக்க வேண்டும். வெளிச்சத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பாதுகாப்புக்கும்தான். அதைப் பின்னால் பார்ப்போம்.

காற்று

இன்றைய போட்டித் துப்பாக்கி எல்லாம் அழுத்திய காற்றில் இயங்குபவை. பெயின்வெர்க்பாவ், வால்தர், ஸ்டையர், மொரினி எதுவானாலும் துப்பாக்கியில் பொருத்தும் காற்று உருளையில் வழக்கமாக 200 பார் (அழுத்தத்தின் அலகு) நிரப்புவார்கள். உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் ஒவ்வொரு சுட்டுக்கும் ஒரே அளவு காற்றை விடுவதால்தான் முதல் சுட்டும் அறுபதாவது சுட்டும் ஒரே வேகத்தில், ரைஃபிளில் நொடிக்குச் சுமார் 170 மீட்டரில், போகிறது. அழுத்தம் ரெகுலேட்டரின் எல்லைக்குக் கீழே, பல துப்பாக்கிகளில் 70 பார் வாக்கில், இறங்கிவிட்டால் வேகம் குறையும்; சுட்டுகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிக்கொண்டே போகும். குப்பைத் தொட்டி அட்டையில் பழகியவர் ஒருவரின் ஓட்டைகள் மேலிருந்து கீழாக நீண்டிருந்தால், அவர் மூச்சுக் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் கேஜைப் பாருங்கள்.

ரேஞ்சில் கேட்க வேண்டியது: காற்று எங்கிருந்து வருகிறது? கைப்பம்பு என்றால் ஈரம் உள்ளே போகும். நம் ஊர் மழைக்கால ஈரத்தில் அடித்த காற்று உருளைக்குள் தண்ணீராகத் தங்கி, ரெகுலேட்டரையும் சீல்களையும் கெடுக்கும். கம்ப்ரஸர் என்றால் ஈர வடிகட்டி இருக்கிறதா, எப்போது மாற்றினார்கள், தண்ணீர் வடிக்கிறார்களா? பெரிய சிலிண்டரில் வாங்கி நிரப்புகிறார்கள் என்றால் அதன் தோளில் மறுசோதனைத் தேதி பொறித்திருக்க வேண்டும்.

வெல்டிங் பட்டறைக்குப் போய் ஆக்சிஜன் நிரப்பிக்கொண்டு வரலாம் என்று எந்த ரேஞ்சாவது சொன்னால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். அழுத்திய ஆக்சிஜன் சீலில் இருக்கும் எண்ணெயிலும் கிரீஸிலும் பட்டால் தீப்பிடிக்கும், உருளை வெடிக்கும். காற்று மட்டுமே, வேறு எந்த வாயுவும் கிடையாது.

நிரப்பும் வேகமும் ரேஞ்சின் குணத்தைக் காட்டும். வால்வைச் சட்டென்று திறந்தால் உருளை சூடாகும். 50 டிகிரிச் சூட்டில் 200 காட்டும் கேஜ், 30 டிகிரிக்கு ஆறியதும் 188-க்கு வந்துவிடும். லீக் என்று நினைத்துச் சர்வீஸுக்கு அனுப்பியவர்கள் உண்டு. மெதுவாக, ஒரு நிமிடமாவது எடுத்து நிரப்புகிறவரிடம் துப்பாக்கியை நம்பிக் கொடுக்கலாம். எதிர்ப்பக்கமும் உண்டு. நிரப்பிய உருளையை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் பிள்ளையார்பட்டிக்குச் சாமி கும்பிடப் போனால், 60 டிகிரிக்கு ஏறும் சூட்டில் 200 பார் 220 வாக்கில் ஆகிவிடும்.

உருளையில் தயாரித்த மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். பல கம்பெனிகள் பத்தாண்டுதான் ஆயுள் கொடுக்கின்றன. அதற்கு மேற்பட்டதைப் போட்டியில் விடமாட்டார்கள். செகண்ட் ஹேண்ட் துப்பாக்கிகள் இருக்கும் ரேஞ்சில் இதை ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள். நாலு ஜெர்மன் ரைஃபிள் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நாலிலும் காலம் முடிந்த உருளை இருந்தால், அது காட்சிப்பொருள்.

பெல்லட்டும் ஈயமும்

500 எண்ணிக்கை கொண்ட தகர டப்பாவில் வரும் பெல்லட்டில் தலையளவு 4.49, 4.50 என்று போட்டிருக்கும். துப்பாக்கிக்குத் துப்பாக்கி எது ஒத்துவரும் என்பது மாறும். அந்தத் துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து, வகைக்கு ஐந்து ஐந்தாகச் சுட்டுப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். நல்ல போட்டி ரைஃபிளும் ஒத்துவரும் பெல்லட்டும் சேர்ந்தால் ஐந்தும் ஒரே ஓட்டையாக, விளிம்போடு விளிம்பு அளந்தால் 6 மில்லிமீட்டருக்குள் விழும். அப்படிச் சுட்ட அட்டையைத் துப்பாக்கியோடு சேர்த்து வைத்திருக்கும் ரேஞ்ச் என்றால் வேலை தெரிந்தவர்கள். பொதுவாகப் பெரிய டப்பாவிலிருந்து கையால் அள்ளிக் கொடுக்கிற இடத்தில், பெல்லட்டின் பாவாடை (விரிந்த பின்பகுதி) நசுங்கியிருக்கும். நசுங்கியது ஒன்று இரண்டு வளையம் விலகும். பிள்ளை தன் ட்ரிகர் விரலைத் திட்டிக்கொள்ளும்.

பெல்லட் ஈயம் என்பதை மறக்கக் கூடாது. ரேஞ்சுக்குள் வடையும் டீயும் விற்கிற இடம் எவ்வளவு கலகலப்பாக இருந்தாலும் தப்பு. வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ இடம் இருக்க வேண்டும். பெல்லட் பெட்டியைக் காலிசெய்யும்போதும், சுடும் தரையைச் சுத்தம் செய்யும்போதும், விளக்குமாற்றால் உலர்வாகப் பெருக்கினால் ஈயத்தூசி மேலே கிளம்பும். ஈரத்துணி போட்டுத் துடைக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் அதிகம் வரும் ரேஞ்சில் இது ஒன்றே ரேஞ்சை வேண்டாம் என்று சொல்லப் போதுமான காரணம். ஈரத்தில் கிடந்த பெல்லட்டில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

துப்பாக்கி கைக்கு அளவா

ஏர் ரைஃபிள் ஐந்தரை கிலோ வரை இருக்கலாம், பிஸ்டல் ஒன்றரை கிலோ வரை. பத்து வயதுப் பிள்ளையிடம் நாலரை கிலோ ரைஃபிளைக் கொடுத்து நிற்கவைத்தால், அது முதுகை வளைத்து இடுப்பில் எடையைப் போட்டுத்தான் தூக்கும். அந்த வளைவே பழக்கமாகிவிடும். முதல் சில மாதம் முன்பக்கத்துக்கு ஸ்டாண்ட் வைத்துச் சுடவைக்கும் கோச் பொறுமைசாலி. தோளில் பதியும் பின்கட்டையின் நீளத்தைப் பிள்ளைக்கு ஏற்றபடி சுருக்க ஆலன் கீ எடுக்கிறாரா, "பழகிடும்" என்கிறாரா என்று பாருங்கள்.

துப்பாக்கியைக் கொடுக்குமுன் எந்தக் கண் ஆளும் கண் என்று சோதிக்க வேண்டும். இரண்டு கையையும் நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவில் சின்ன இடைவெளி விட்டு, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்வது. ஒவ்வொரு கண்ணாக மூடினால், எந்தக் கண் மூடும்போது கடிகாரம் மறைகிறதோ அதுதான் ஆளும் கண். வலது கைப் பிள்ளைக்கு இடது கண் ஆண்டால் ஆரம்பத்திலேயே முடிவெடுக்க வேண்டும். ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடித்தால் ஆறு மாதமும் வீண். இந்தச் சோதனை செய்யாத ரேஞ்சை நம்புவது கடினம். இடக்கைப் பிடி ஒன்றாவது இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

பிஸ்டல் ட்ரிகர் குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும் என்பது விதி. அந்த 500 கிராம் எடைக்கல்லை மேசையில் வைத்திருக்கும் ரேஞ்சில் போட்டிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எலக்ட்ரானிக்கா, அட்டையா

இதில் பலருக்கு ஒத்துவராத கருத்து ஒன்று: தொடக்கத்தில் அட்டையே மேல். எலக்ட்ரானிக் டார்கெட் சுட்ட கணத்தில் 9.8 என்று காட்டிவிடும். பிள்ளையின் தலை ரைஃபிளிலிருந்து உடனே மானிட்டருக்குத் திரும்பும். சுட்ட பிறகும் குறியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்த ஓரிரு நொடிதான் இந்த விளையாட்டின் உயிர், அது முதலில் போவது இங்கேதான். மாநில, தேசியப் போட்டிக்குத் தயாராகும்போது எலக்ட்ரானிக் வேண்டும். ரைஃபிள் தகுதிச் சுற்று இப்போது தசமத்தில், 60 சுட்டுக்கு உச்சம் 654.0 என்று எண்ணப்படுகிறது. அப்போது மாற்றிக்கொள்ளலாம்.

ஒலியை வைத்து இடம் கண்டுபிடிக்கும் வகையில் நடுவில் காகிதச் சுருளோ ரப்பரோ நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். சுருளை மிச்சம் பிடிக்க நகர்த்தாமல் விட்டால் ஓட்டை பெரிதாகி எண் தப்பும். அகச்சிவப்புக் கதிர் வகையில் தூசிதான் எதிரி. எதுவானாலும் டார்கெட்டின் முகப்பில் சாதாரண அட்டை ஒன்றைச் செருகி ஐந்து சுட்டு, அட்டையில் விழுந்த வடிவமும் திரையில் வந்த வடிவமும் ஒன்றா என்று பாருங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில் என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள். இன்வெர்ட்டரில் மானிட்டர் ஓடி, அட்டை விளக்கு பாதி வெளிச்சத்தில் எரியும் இடங்கள் இருக்கின்றன.

பயம்

பேரனைக் கூட்டிக்கொண்டு வரும் ஐயாக்கள் கேட்பது இதையெல்லாம் அல்ல. "தம்பி, குண்டு வெளியே எங்கயும் போயிடாதே?" அந்தக் கேள்வி நியாயமானது. 2021 டிசம்பர் 30 அன்று நார்த்தாமலைப் பக்கம் பாதுகாப்புப் படையினரின் பயிற்சித் தளத்திலிருந்து வந்த குண்டு 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்து, சில நாளில் அவன் இறந்துபோனது இந்த வட்டாரத்தில் யாருக்கும் மறக்கவில்லை. அது படைத் துப்பாக்கி, திறந்தவெளித் தளம். படை ரைஃபிள் குண்டின் ஆற்றல் ஆயிரம் ஜூலுக்கு மேல். போட்டி ஏர் ரைஃபிளின் பெல்லட் சுமார் 7, 8 ஜூல். சுவரைத் துளைக்காது. ஆனால் கண்ணைப் பறிக்கும், அதனால் பயம் கொஞ்சம் இருப்பது நல்லதுதான்.

பார்க்க வேண்டியது இவ்வளவே. சுடுகோட்டுக்கு முன்னால் திறக்கக்கூடிய கதவோ ஜன்னலோ இருக்கக் கூடாது. பெல்லட் பெட்டிக்குள் இரும்புத் தகடு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், நிமிர்ந்து நின்றால் பெல்லட் திரும்பி வரும். சுடாத நேரத்தில் எல்லாத் துப்பாக்கிக் குழலிலும் பளிச்சென்ற நிறத்தில் பாதுகாப்புக் கயிறு செருகியிருக்க வேண்டும். "லோட்", "ஸ்டார்ட்", "ஸ்டாப்", "அன்லோட்" என்று ஒருவர் குரல் கொடுக்க வேண்டும்; அட்டை மாற்ற ஆள் முன்னால் போகும்போது யார் கையிலும் துப்பாக்கி இருக்கக் கூடாது. ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு தடவையாவது இது தவறினால், மாதத்தில் எத்தனை தடவை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

20 ஜூலுக்கு மேல் போகாத, 0.177 அங்குலத் துளை கொண்ட ஏர்கன்னுக்கு உரிமம் தேவையில்லை என்பதால், ரேஞ்சில் பழகியவர்கள் வீட்டுக்கும் ஒன்று வாங்கிவிடுகிறார்கள். தோட்டத்தில் கொக்கு சுடுவது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் இருக்கும் மாவட்டம் இது. சேரும் நாளிலேயே இதைச் சொல்லிவிடும் கோச்சுக்கு ஒரு மதிப்பெண் கூடப் போடலாம்.

நேரமும் தூரமும்

கட்டணத்தைப் பற்றி ஒரு சொல்தான்: பெல்லட், காற்று, அட்டை, ஜாக்கெட் இவை உள்ளேயா வெளியேயா என்று கேட்டுவிட்டு ஒப்பிடுங்கள். வாரம் நாலு நாள், நாளுக்கு 60 சுட்டு என்றால் மாதம் ஏறக்குறைய இரண்டு டப்பா பெல்லட் ஆகும்.

கட்டணத்தைவிட நேர ஒதுக்கீடு பெரிது. போட்டியில் தயாரிப்புக்கும் பழகு சுட்டுக்கும் 15 நிமிடம், 60 சுட்டுக்கு எலக்ட்ரானிக்கில் 75 நிமிடம், அட்டையில் 90. ஒரு மணி நேர ஸ்லாட் மட்டும் தரும் ரேஞ்சில் ஒருவர் வருஷம் முழுக்கப் பழகினாலும் ஒரு முழுப் போட்டியைக்கூடச் சுட்டிருக்க மாட்டார். வாரத்தில் ஒரு நாளாவது இரண்டு மணி நேரம் தொடர்ந்து லேன் தருவார்களா என்று கேளுங்கள். கொப்புடையம்மன் திருவிழா சமயத்தில் ஸ்பீக்கர் அலறுகிறது என்று ரேஞ்சை மூடாதீர்கள் என்றும் சொல்லலாம்; சர்வதேச இறுதிச் சுற்றில் பாட்டுப் போட்டுக் கைதட்டச் சொல்கிறார்கள், இங்கே இலவசமாகக் கிடைக்கிறது.

மதுரைக்கோ திருச்சிக்கோ போய்விடலாமா என்ற கேள்வி கடைசியில் வரும். இரண்டு ஊரிலும் ரைஃபிள் கிளப்புகள் உண்டு, காரைக்குடியிலிருந்து எண்பது தொண்ணூறு கிலோமீட்டர். போட்டிக்கு நுழைவு எப்படியும் மாநிலச் சங்கத்தோடு இணைந்த கிளப் வழியாகத்தான். தனியார் அகாடமி தானாக அனுப்ப முடியாது. அதனால் இப்படிச் செய்யலாம்: உள்ளூரில் தூரமும் வெளிச்சமும் சரியான ரேஞ்ச் ஒன்றில் வாரம் நாலு நாள், மாதம் ஒரு முறை வெளியூர் ரேஞ்சில் ஒரு முழு 60. இரண்டிலும் ஒரே துப்பாக்கி, ஒரே டப்பா பெல்லட். இரண்டு மொத்தங்களும் நாலைந்து புள்ளிக்குள் இருந்தால் உள்ளூர் ரேஞ்ச் சரி. மாதா மாதம் உள்ளூரில் மட்டும் பத்துப் பதினைந்து கூடவே வந்தால், டேப்பையும் டியூப் லெவலையும் எடுத்துக்கொண்டு மறுபடியும் லேனை அளக்கப் போங்கள். அட்டையையும்.